நடந்து போகும் தூரமும் ஒரு சொத்துதான்

பிரிக்பீல்ட்சில் வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பங்களுடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்த சந்திப்பில், வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை இது. வர முடியாமல் போனவர்களுக்காக எழுத்து வடிவில் தருகிறோம்.



ஒரு சின்னக் கேள்வியோடு தொடங்குகிறேன். இன்று இந்த மண்டபத்துக்கு நடந்தே வந்தவர்கள் கையைத் தூக்குங்கள். பார்த்தீர்களா? ஏறக்குறைய எல்லாருமே. நான் மட்டும்தான் காரில் வந்தேன். டோல் கட்டினேன். கார் நிறுத்த இடம் தேடி இருபது நிமிடம் சுற்றினேன். வழக்கறிஞருக்கு இல்லாத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது. அந்த வசதியைப் பற்றியும், அதை நாம் எப்படி ஒவ்வொரு வீடாக இழந்து வருகிறோம் என்பதைப் பற்றியும்தான் பேச வந்தேன்.

நீங்கள் இருக்கும் இடத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். விவேகானந்தா தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளை நடந்து போகிறது. ஸ்காட் ரோட்டில் கந்தசாமி கோயில். ஜாலான் பெர்ஹாலா பக்கம் போனால் பௌத்த மகா விகாரை. தேவாலயம், சூராவ் எல்லாம் இதே சுற்றுவட்டாரத்தில். பூ, வாழை இலை, மளிகை, மருந்து, தையல் எல்லாம் காலடியில். கே.எல். சென்ட்ரலுக்கு நடந்து போனால் கொமுட்டர், எல்.ஆர்.டி., விமான நிலைய ரயில். மோனோரயில் வாசலிலேயே நிற்கிறது. நகரத்தின் நடுவில் துப்புரவு வேலைக்கோ, பாதுகாவலர் வேலைக்கோ, சாப்பாட்டுக்கடை வேலைக்கோ போகிறவர் அரை மணி நேரத்தில் போய்ச் சேரலாம்.

இது உங்கள் சம்பளத் தாளில் எழுதப்படாத வருமானம். எப்படி என்று கணக்குப் போடுவோம். இங்கே ஒரு வீட்டுக்கு 1,100 வெள்ளி வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள். நகருக்கு வெளியே அதே மாதிரி வீடு 700 வெள்ளி. மாதம் 400 வெள்ளி மிச்சம் என்று தோன்றும். ஆனால் அங்கே போனதும் மோட்டார் வாங்க வேண்டும். தவணை 250. பெட்ரோல் 100. இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளி வேன் 240. மொத்தம் 590 வெள்ளி. 400 மிச்சம் பிடிக்கப் போய் 190 வெள்ளி கையை விட்டுப் போகிறது. தினமும் சாலையில் கழியும் இரண்டு மணி நேரத்தை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. வீட்டுக்கு வந்து பிள்ளையின் புத்தகத்தைத் திறந்து பார்க்கும் நேரம் அது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை.

எங்கள் வீட்டுக் கதை

1990-களின் நடுவில் எனக்குப் பதினைந்து வயது. இதே பிரிக்பீல்ட்சில் ஒரு சந்துக்குள், ஒரு வீட்டின் பின்பகுதியில் குடியிருந்தோம். அப்பா ஒரு கடையில் லோரிக்குச் சாமான் ஏற்றி இறக்குபவர். அம்மா ஒரு பூக்கடையில் சரம் கட்டுவார். காலை ஐந்தரை மணிக்கு நடந்து போவார், ஏழு மணிக்கு வந்து எங்களைப் பள்ளிக்கு அனுப்புவார், மறுபடியும் போவார். வீட்டுக்காரரும் தமிழர்தான். நாங்கள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். தீபாவளிக்கு எங்கள் வீட்டு முறுக்கு அவர் வீட்டுக்குப் போகும். ஒப்பந்தம் என்று எதுவும் கிடையாது. வாடகையை அப்பா கையில் கொடுப்பார், அவர் தலையாட்டி வாங்கிக்கொள்வார்.

ஒருநாள் அவர் இடத்தை விற்றுவிட்டார். வாங்கியவர் எங்களைப் பார்த்ததே இல்லை. ஒரு மாதத்தில் காலி செய்யச் சொன்னார். பதினோரு வருடம் வாடகை கட்டினோம் என்று அப்பா சொன்னார். எதில் எழுதியிருக்கிறது என்று கேட்டார் அவர். அப்பாவிடம் காட்ட ஒரு தாள்கூட இல்லை.

பூச்சோங் பக்கம் ஓர் அடுக்குமாடிக்குப் போனோம். வீடு நல்ல வீடுதான், காற்றும் வெளிச்சமும் இருந்தன. ஆனால் அம்மா காலையில் இரண்டு பஸ் மாற வேண்டும், ஐந்தரை மணிக்கு முதல் பஸ்ஸே கிடையாது. மூன்று மாதத்தில் பூக்கடை வேலை போனது. அப்பா எட்டு மணிக்கு வீடு திரும்பியவர் பத்து மணிக்குத் திரும்ப ஆரம்பித்தார். என் தம்பி பிரிக்பீல்ட்சில் இலவச டியூஷனுக்குப் போய்க்கொண்டிருந்தான். அதுவும் நின்றது. யாரும் எங்களை அடிக்கவில்லை, வீட்டை இடிக்கவில்லை. ஆனாலும் குடும்பத்தின் முதுகெலும்பு அந்த வருடம் விலகியது. நான் சட்டம் படித்ததற்குக் காரணம் கேட்பவர்களுக்கு, அப்பா அன்று காட்ட முடியாமல் போன அந்தத் தாளைத்தான் சொல்வேன்.

இந்த இடம் எப்படி உருவானது

1881-ல் கோலாலம்பூர் முதலில் தீயில் எரிந்தது, அதே ஆண்டு வெள்ளத்திலும் மூழ்கியது. மரமும் அத்தாப்புக் கூரையுமாக இருந்த ஊரைச் செங்கல்லிலும் ஓட்டிலும் திரும்பக் கட்ட வெள்ளைக்கார அரசு உத்தரவிட்டது. அந்தச் செங்கல் சுட்ட இடம் இது. பெயரிலேயே செங்கல் இருக்கிறது. 1886-ல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் பக்கத்துக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. ரயில் பாதை போட்டதிலும், அதைப் பராமரித்ததிலும், ரயில் அலுவலகங்களில் எழுதியதிலும் தமிழ்நாட்டுத் தமிழர்களும் யாழ்ப்பாணத் தமிழர்களும் இருந்தார்கள். அவர்கள் வேலைக்கு நடந்து போகும் தூரத்தில்தான் குவார்ட்டர்ஸ் கட்டப்பட்டன. ஜாலான் ரொசாரியோ, ஜாலான் சான் ஆ தோங் பக்கம் நின்ற நூறு குவார்ட்டர்ஸ் 1905-ல் கட்டப்பட்டவை.

ஆக, இந்த ஊர் நடந்து போகக்கூடிய ஊராக இருப்பது அழகுக்காக வந்த ஏற்பாடு இல்லை. தொழிலாளியிடம் வண்டி இல்லை. ஆகவே வேலை, கோயில், பள்ளி, கடை எல்லாம் கால் எட்டும் தூரத்தில் அமைந்தன. 1951-ல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் இங்கேதான் வேரூன்றியது. கண் தெரியாதவர்கள் தைரியமாகத் தனியே நடமாடும் இடம் என்று இந்த நாட்டில் பிரிக்பீல்ட்சைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள்.

பிறகு என்ன நடந்தது? ரயில் பெட்டிகள் நின்ற நிலத்தில் கே.எல். சென்ட்ரல் எழுந்து 2001-ல் திறந்தது. 2003-ல் மோனோரயில் வந்தது. 2010 அக்டோபரில் அப்போதைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் நமது அப்போதைய பிரதமர் நஜிப்பும் வந்து, இதற்கு லிட்டில் இந்தியா என்று பெயர் சூட்டித் திறந்து வைத்தார்கள். தோரண வாயில் வந்தது, யானைச் சிலைகளோடு நீரூற்று வந்தது. அதே காலகட்டத்தில், 2010-களில், நூறு குவார்ட்டர்ஸ் இடிந்து மறைந்தன. வாசலில் தமிழன் அடையாளத்தை வைத்தார்கள், பின்சந்தில் தமிழன் குடியிருந்த வீட்டை எடுத்தார்கள். இரண்டும் ஒரே பத்தாண்டில் நடந்தன.

சுவர் இருக்கும், ஆள் இருக்கமாட்டான்

பழைய கட்டடத்தைக் காப்பாற்றினால் போதும், மக்களும் தப்பித்துவிடுவார்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பினாங்கைப் பாருங்கள்.

ஜார்ஜ் டவுனில் லெபோ பாசார், லெபோ குவீன் பக்கம் நம் மக்கள் கடைமேல் மாடிகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தார்கள். 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகையை ஏற்றாமல் பிடித்து வைத்திருந்தது 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதை நீக்கும் சட்டம் 1997-ல் வந்தது, இடைக்காலம் முடிந்து 2000 ஜனவரி முதல் நாளோடு கட்டுப்பாடு அடியோடு போனது. வாடகை ஏறியது. குடும்பங்கள் தீவின் வேறு பக்கங்களுக்கும் கடல் தாண்டி பட்டர்வொர்த் பக்கமும் போயின. எட்டு ஆண்டுக்குப் பிறகு, 2008 ஜூலையில், மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. பழைய சன்னலும் பழைய ஓடும் பாதுகாக்கப்பட்டன. அந்தச் சன்னலில் துணி காயப்போட்ட குடும்பம் அதற்குள் போயிருந்தது.

நான் பாரம்பரியச் சட்டத்தைக் குறை சொல்லவில்லை. இங்கேயே அதன் பலனைப் பார்த்தோம். 1904-ல் உருவான விவேகானந்தா ஆசிரமத்தின் நிலத்தில் உயர்மாடிக் குடியிருப்பு கட்டும் திட்டம் 2014-ல் வெளியே தெரிந்தபோது, நீங்கள் திரண்டீர்கள், கையெழுத்துப் போட்டீர்கள். பிறகு அது பாரம்பரியக் கட்டடமாக அறிவிக்கப்பட்டது. இன்றும் நிற்கிறது. அது உங்கள் வெற்றி. ஆனால் ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் வாடகைக்கு இருக்கும் ஒரு விதவைத் தாய்க்கு அந்த அறிவிப்பால் ஒருநாள் பாதுகாப்பும் கிடையாது. கட்டடத்துக்குச் சட்டம் இருக்கிறது. நிலத்துக்குச் சட்டம் இருக்கிறது. வாடகைக்கு இருப்பவர் ஒரு தாளைக் காட்டினால்தான் சட்டத்தின் கண்ணுக்கு ஓரளவாவது தெரிகிறார்.

இப்போது தாளைப் பற்றிப் பேசுவோம். எழுதப் பேனா வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஐந்து விஷயங்கள்

முதலாவது. மூன்று ஆண்டுக்கு மேற்படாத வாடகையை வாய்மொழியாகவும் செய்துகொள்ளலாம் என்று தேசிய நிலச் சட்டத்தின் 213-ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே வாய்மொழி வாடகை செல்லாது என்று யாராவது மிரட்டினால் நம்பாதீர்கள். ஆனால் அதே பிரிவில் ஒரு கொக்கி இருக்கிறது. இடத்தைப் புதிதாக விலைக்கு வாங்கியவரை உங்கள் வாடகை கட்டுப்படுத்த வேண்டுமானால், அவர் வாங்குவதற்கு முன்பே நிலப்பட்டாவில், அதாவது நாம் கிராண்ட் என்று சொல்கிறோமே அதில், உங்கள் வாடகை குறிக்கப்பட்டிருக்க வேண்டும். 316-ஆவது பிரிவின் கீழ் நில அலுவலகத்தில் இதற்கு விண்ணப்பிக்கலாம். எங்கள் அப்பாவுக்குத் தெரியாமல் போனது இதுதான். வீட்டுக்காரரின் ஒத்துழைப்பு இல்லாமல் இது சுலபமாக நடக்காது. ஆகவே ஒப்பந்தம் போடும் நாளிலேயே கேளுங்கள். முன்பணம் கொடுக்கும் அன்றுதான் நம் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.

இரண்டாவது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, முத்திரை வரி கட்டுங்கள். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சாட்சியாகக் காட்டுவதில் சிக்கல் வரும். வாடகையைக் கையில் கொடுக்காதீர்கள், வங்கி மூலம் அனுப்புங்கள். கையில்தான் வேண்டும் என்றால் ரசீது வாங்குங்கள். மாமா, சித்தப்பா என்று கூப்பிடும் வீட்டுக்காரரிடமும் வாங்குங்கள். உறவு கெட்டுப்போகாது. அவர் கண்ணை மூடிய பிறகு அவர் பிள்ளைகளோடுதானே பேசப்போகிறீர்கள்?

மூன்றாவது. வாடகைக் காலம் முடிந்த பிறகும் நீங்கள் வீட்டுக்குள் இருந்தால், நீதிமன்றத்தின் வழியாக மட்டுமே உங்களை வெளியேற்ற முடியும். 1950-ஆம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம், பிரிவு 7, உட்பிரிவு 2. இந்த எண்ணைக் கைப்பேசியில் எழுதி வையுங்கள். பூட்டை மாற்றுவது, சாமானை அஞ்சடியில் தூக்கிப் போடுவது, ஆள் வைத்து மிரட்டுவது எதற்கும் வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. என்னிடம் ஒரு தம்பதி வந்தார்கள். வேலை முடிந்து வந்தபோது வீட்டில் புதுப் பூட்டு. பிள்ளையின் பள்ளிப் பையும் சாமிப் படமும் படிக்கட்டில். அவர்களிடம் இரண்டு வருட வாடகை அனுப்பிய வங்கிப் பதிவு கைப்பேசியிலேயே இருந்தது. போலீசில் புகார் கொடுத்தோம், இந்தப் பிரிவைக் குறிப்பிட்டுக் கடிதம் அனுப்பினோம். மறுநாள் பூட்டு திறந்தது. கடைசியில் அவர்கள் அந்த வீட்டை விட்டுப் போகத்தான் வேண்டியிருந்தது. ஆனால் நான்கு மாத அவகாசம் கிடைத்தது. இரண்டு தெரு தள்ளி வீடு கிடைத்தது, பிள்ளை பள்ளி மாறவில்லை. சட்டம் இதைவிடப் பெரிதாகத் தரும் என்று நான் உங்களை ஏமாற்றமாட்டேன். அந்த நான்கு மாதம் அந்தக் குடும்பத்துக்குப் போதுமானதாக இருந்தது.

நான்காவது. சட்டத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கோபத்தில் வாடகையை நிறுத்தாதீர்கள். வாடகை பாக்கிக்காக நீதிமன்ற ஆணை வாங்கி உங்கள் சாமானைப் பிடிக்க 1951-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழி செய்கிறது. முறையான நோட்டீஸ் முடிந்த பிறகும் தங்கினால் இரட்டை வாடகை கேட்க 1956-ஆம் ஆண்டின் சிவில் சட்டம் இடம் தருகிறது. வாடகை கட்டுகிறவரின் பேச்சுக்குத்தான் நீதிமன்றத்தில் எடை. வீட்டுக்காரர் வாங்க மறுத்தால், வாங்க மறுத்தார் என்பதற்கு ஆதாரம் வைத்துக்கொண்டு உடனே வழக்கறிஞரைப் பாருங்கள். கையில் பணம் இல்லை என்றால் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் இருக்கின்றன.

ஐந்தாவது. ரயிலுக்கோ சாலைக்கோ அரசு நிலத்தை எடுத்தால், 1960-ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டப்படி நஷ்டஈடு கேட்கும் உரிமை நிலத்தில் அக்கறை உள்ளவருக்கு உண்டு. உரிமையாளர் விருப்பம் உள்ளவரை மட்டும் இருக்க விட்ட குடியிருப்பாளரை அந்தச் சட்டம் அந்தப் பட்டியலிலிருந்து வெளிப்படையாகவே விலக்குகிறது. காலம் குறித்த ஒப்பந்தம் உள்ளவர் வேறு, சும்மா இருக்க விட்டவர் வேறு. மறுபடியும் அதே தாளுக்குத்தான் வருகிறோம்.

தனியாகச் செய்ய முடியாத வேலை

தாள் ஒரு வீட்டைச் சில மாதமோ சில வருடமோ காப்பாற்றும். ஊரைக் காப்பாற்றாது. 2000-க்குப் பிறகு வாடகையை ஏற்றக்கூடாது என்று சொல்ல இங்கே அந்தப் பழைய கட்டுப்பாடு இல்லை. எஞ்சியிருப்பது நம் எண்ணிக்கையும் நம் குரலும்தான்.

2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில், தாமான் ரிம்பா கியாரா பூங்கா நிலத்தில் உயர்மாடி கட்ட மாநகர் மன்றம் கொடுத்த அனுமதி ரத்தானது. சுற்றி இருக்கும் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்து வென்றார்கள். நாமும் மகிழ வேண்டிய தீர்ப்புதான். ஆனால் அதே இடத்தில், பழைய புக்கிட் கியாரா தோட்டத்துத் தொழிலாளர் குடும்பங்கள் 1980-களிலிருந்து நீண்ட வீடுகளில் நிரந்தர வீட்டுக்காகக் காத்திருந்தார்கள். பெரும்பாலும் நம் மக்கள். ரத்தான திட்டத்தில்தான் அவர்களுக்கு வீடு வாக்களிக்கப்பட்டிருந்தது. வழக்கில் இரண்டு பக்கமும் வலுவாக வாதாடினார்கள். காத்திருப்பு மட்டும் அந்தக் குடும்பங்களுக்கு நீண்டது. ஊருக்காகப் பேசும்போது அந்த ஊரின் ஏழையும் மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதை நான் அங்கே கற்றேன்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதா வைக்கப்பட்டது. அப்போது அதில் இருந்த கணக்கு இது: முப்பது ஆண்டுக்கு உட்பட்ட கட்டடம் என்றால் 80 விழுக்காடு உரிமையாளர் சம்மதம், அதற்கு மேற்பட்டதென்றால் 75 விழுக்காடு, கைவிடப்பட்டதென்றால் 51 விழுக்காடு. நாடு முழுக்க இந்த எண்களைப் பற்றித்தான் சண்டை. அந்தச் சண்டையில் நான் தேடியது வேறோர் எண். வாடகைக்கு இருப்பவர்களில் எத்தனை விழுக்காடு சம்மதிக்க வேண்டும்? அப்படி ஓர் எண்ணே அதில் இல்லை. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும், எந்தப் பெயரில் சட்டம் வந்தாலும், நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

ஆகவே நான் உங்களிடம் மூன்று வேலைகள் கேட்கிறேன்.

ஒன்று, கணக்கெடுப்பு. இந்தப் பகுதியில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள் எத்தனை, எத்தனை வருடமாக, எங்கே வேலை, எந்தப் பள்ளி. தெருவுக்கு இரண்டு இளைஞர்கள், ஒரு மாத வேலை. கோலாலம்பூரின் 2040 உள்ளூர்த் திட்டம் 2025-ல் அரசிதழில் வந்துவிட்டது. இனி வரும் ஒவ்வொரு அனுமதிக்கும் அதைத்தான் காட்டப்போகிறார்கள். பக்கத்து நிலத்துக்கு அறிவிப்புப் பலகை வைக்கும் அன்று நம் கையில் பட்டியல் தயாராக இருக்க வேண்டும். ஆட்சேபம் சொல்லக் கொடுக்கும் நாள்கள் குறைவு. அன்று போய்த் தகவல் சேகரிக்க நேரம் இருக்காது.

இரண்டு, 2005-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் கட்டடத்துக்கு மட்டும் உரியது இல்லை. தொழில், கலை, வாழும் முறை ஆகியவற்றையும் அது பாரம்பரியம் என்கிறது. 68-ஆவது பிரிவின்படி யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம். பூச்சரம் கட்டும் அக்காவின் கைத்தொழிலைப் பரிந்துரைக்க நமக்கு எந்த அமைச்சரின் சிபாரிசும் தேவையில்லை. அதனால் அக்காவின் வாடகை குறையாது. ஆனால் அவர் இந்த ஊருக்கு வேண்டியவர் என்று அரசாங்கத் தாளில் ஏறும்.

மூன்று, அரசு நிலத்தில் எது கட்டினாலும், அதில் ஒரு பங்கு ஏழைகளுக்கான வாடகை வீடாக இங்கேயே இருக்க வேண்டும் என்று கேட்போம். இருபது கிலோமீட்டர் தள்ளி ஓர் அடுக்குமாடியைக் காட்டி மாற்று வீடு கொடுத்தோம் என்று சொல்வதை ஏற்கமாட்டோம். நடை தூரத்தையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அது மாற்று வீடு.

ஒரு வேண்டுகோளும் உண்டு. நம்மோடு ஒரே மாடியில் வங்காளதேசத்துத் தம்பிகள், நேப்பாளத் தம்பிகள் பத்துப் பேர் ஓர் அறையில் இருக்கிறார்கள். வாடகை ஏறியதற்கு அவர்கள்தான் காரணம் என்று சிலர் சொல்வதைக் கேட்கிறேன். நம் தாத்தாவும் இதேபோல ஒரு லயத்து அறையில்தான் வாழ்க்கையைத் தொடங்கினார். வாடகையை ஏற்றியவரின் கையெழுத்து ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துப் பேசுவோம்.

முடிக்கும் முன் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். உடம்பு பிடித்துவிடும் தொழில் செய்யும் பார்வையற்ற ஐயா ஒருவர் தம் அறையைக் காலி செய்யச் சொல்லி வந்த நோட்டீஸை என்னிடம் கொண்டுவந்தார். வாசலிலிருந்து எழுபத்திரண்டு அடி, பிறகு கால்வாய் மூடி ஆடும் சத்தம், பிறகு காப்பிக்கடை வாசனை, வலது பக்கம் திரும்பினால் வேலை இடம் என்று வழியைச் சொன்னார். இருபத்தாறு வருடமாக யார் கையையும் பிடிக்காமல் போய்வந்த வழி. "வக்கீல் சார், உங்களுக்கு வீடு மாறினால் விலாசம்தான் மாறும். எனக்கு மறுபடியும் கண் போன மாதிரி" என்றார்.

அவருக்கு இதே தெருவில் வேறோர் அறை கிடைத்திருக்கிறது. இம்முறை எழுத்தில் ஒப்பந்தம், முத்திரையோடு. படித்துக் காட்டியபோது ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை கேட்டார். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். இல்லை என்றால் இல்லை என்று வாசலில் இருக்கும் தம்பியிடம் பெயரும் தொலைபேசி எண்ணும் கொடுத்துவிட்டுப் போங்கள். அடுத்த ஞாயிறு இதே மண்டபத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதுவோம். நானும் இம்முறை ரயிலில் வந்து நடந்தே வருகிறேன்.